பழுது யாருடையது?

பயன்படுத்தாத பொருள் கெடாது என்று எண்ணுவது மாந்தர் இயல்பு. பேழையில் பூட்டிய பொன்னுக்கு அவ்வெண்ணம் பொருந்தலாம், இயந்திரத்துக்குப் பொருந்தாது. ஓடும் இயந்திரம் மெல்லத் தேய்கின்றது. பேணாது கிடக்கும் இயந்திரமோ அதனினும் விரைவில் கெடுகின்றது.

கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டார் நகரை ஒட்டிய மெர்கோங் வட்டாரத்தில் பட்டறைகள் பல உண்டு. அங்கிருந்து சில கல் தொலைவில் கோலா கெடா மீன்பிடித் துறை உள்ளது. சிறு படகுகளின் பின்புறத்தே மாட்டப்படும் இயந்திரத்தை மலாய் மீனவர் ‘எஞ்சின் சங்குட்’ என்பர். ‘சங்குட்’ என்னும் சொல்லுக்கு மாட்டித் தொங்குதல் என்பதோடு, சிக்கி நின்றுவிடுதல் என்றும் பொருள் உண்டு. கொட்டகை மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த இயந்திரத்துக்கு இரண்டாம் பொருளே மிகப் பொருந்தும்.

அத்தகைய இயந்திரத்தை ஒருநாள் உரியவன் வெளியே எடுக்கின்றான், தூசு தட்டுகின்றான், கயிற்றைப் பற்றி இழுக்கின்றான். அது அசைவதில்லை. மீண்டும் வலிந்து இழுக்கின்றான். பின்னர்ச் சினந்து, “உதவாத எஞ்சின்” என்று பழிக்கின்றான். இவ்விடத்தில்தான் அறம் பற்றிய வினா ஒன்று எழுகின்றது. புறக்கணித்தவனுக்குச் சினங்கொள்ள உரிமை உண்டா?

அவ்வியந்திரத்தின் உள்ளே நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொட்டியில் எஞ்சிய பெட்ரோல் நாளடைவில் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். நன்னீரால் கழுவப்படாமையால் கடல்நீரின் உப்பு, குளிர்நீர் செல்லும் வழிகளில் படிந்து இறுகியிருக்கும். நீரிறைக்கும் ரப்பர்ச் சுழலியின் இதழ்கள் வளைந்தவாறே விறைத்திருக்கும். சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டனைப் பற்றியிருக்கும். இவற்றுள் ஒன்றேனும் இயந்திரம் தானே தேடிக்கொண்ட குற்றமன்று. கடைசியாகக் கரை சேர்ந்த நாளில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால், இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

தேர்ந்த பழுதுபார்ப்பவர் முதலில் கயிற்றைத் தொடுவதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, அது ஊறுமாறு காத்திருக்கின்றார். பின்னர்ச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கின்றார். இறுகியதை வலிந்து இழுத்தால் உள்ளுறுப்பு முறியும் என்பதை அவர் அறிவார். பழைய எரிபொருளை வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துத் துலக்குகின்றார். சுழலியைப் புதிதாக மாற்றுகின்றார். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டதெனத் தெளிகின்றார். இத்தனைக்கும் பிறகே, கீழ்ப்பகுதியை நீரில் அமிழ்த்திக் கயிற்றை இழுக்கின்றார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை பட்டறைக்கும் பொருந்துகின்றது.

காரணத்தை ஆராயுங்கால் மற்றோர் உண்மையும் புலப்படும். கிடப்பில் கிடந்தவை யாவும் சோம்பலால் கிடந்தவை அல்ல. யாழ்ப்பாணத்து வடகரையில் மயிலிட்டி என்னும் மீன்பிடித் துறைமுகம் உள்ளது. 1990இல் போரினால் மக்கள் அங்கிருந்து பெயர்ந்தனர். துறைமுகம் படையினரின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. 2017 ஜூலையில்தான் அது விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை, தந்தையின் துறையிலிருந்து ஒருநாளும் கடலுக்குச் செல்லாமலே வாலிபம் எய்தியிருக்கும். அக்கரையில் ஒருவர் விட்டுச்சென்ற படகு இயந்திரம் துருப்பிடித்திருந்தால், அவரைப் பொறுப்பற்றவர் என எவரும் கூறத் துணியார். ஆகவே, துருவைக் கண்ட மாத்திரத்தில் தீர்ப்பு வழங்குதல் அறிவுடைமை ஆகாது.

வகுப்பறையிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய பெற்றோரோடு அலைந்து, பாடங்களைத் தொடர முடியாமற்போன சிறுவன் ஒருவன் நான்காம் ஆண்டில் வந்து அமர்கின்றான். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் அவனால் இயலவில்லை. முதல் நாளே அவனை எழுப்பி நிறுத்தி, “படி” என்று அதட்டுவது இறுகிய இயந்திரத்தின் கயிற்றை இழுப்பதற்கு ஒப்பாகும். முறிவது அவனுடைய நாணமும் நம்பிக்கையும் ஆகும். அவை கடையில் வாங்கி மாற்றத்தக்க உறுப்புகள் அல்ல.

“அவ்வாறாயின் கண்டிப்பே கூடாதா?” எனச் சிலர் வினவலாம். கூடாதென்பது கருத்தன்று. எண்ணெய் விட்டுக் காத்திருப்பவரும் இறுதியில் கயிற்றை இழுத்தே ஆகவேண்டும். என்றும் இழுக்கப்படாத இயந்திரம் என்றும் ஓடாது. ஊறவைத்தல் முந்தியது, முயற்சி பிந்தியது. இவ்வரிசையை மாற்றுவதே குற்றம். காலம் கடத்துவதைப் பொறுமை எனக் கூறிக்கொள்வதும் வேறுவகைப் புறக்கணிப்பேயாகும்.

இன்னுமொன்று. எல்லா இயந்திரங்களும் உயிர் பெறுவதில்லை. உப்பு அரித்து உலோகமே உதிர்ந்திருந்தால், நேர்மையான பழுதுபார்ப்பவர், “இது இனி ஆகாது” என்று சொல்லிவிடுவார். எனினும் பிரித்துப் பார்த்த பின்னரே அவர் அவ்வாறு சொல்வார். மனிதரைப் பொறுத்தவரை அத்தீர்ப்பை வழங்கும் உரிமை எவருக்கும் இல்லை. இரும்பைக் கழித்துவிடலாம்; ஒரு சிறுவனைக் கழித்துவிட முடியாது.

ஆதலின், புறக்கணித்தவனுக்குச் சினங்கொள்ள உரிமையில்லை. கடன் ஒன்றே உண்டு. கவனிக்காது விட்ட காலத்தைப் பொறுமையாகத் திருப்பிச் செலுத்துவதே அக்கடன். புறக்கணித்தவர் வேறொருவராயினும், பழுதுற்றது தம் கைக்கு வந்த பின்னர் அக்கடனை ஏற்பவரே ஆசிரியர்.