புண்ணியம் சம்பளமாகாது

செஞ்சிப் பக்கத்தில் ஒரு பிள்ளை மூளை முடக்குவாதத்தோடு பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் "போன பிறவியில என்ன பாவம் பண்ணிச்சோ" என்கிறார்கள். மேல்மலையனூர் கோயிலுக்கு மூன்று அமாவாசை போய் வரச் சொல்கிறார்கள். அதே பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார். அவரிடம் "உங்களுக்குப் பெரிய புண்ணியம்மா" என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குறைபாடு பிள்ளையின் பாவமாகிவிட்டால் அதற்கு ஈடுசெய்யும் கடமை யாருக்கும் இல்லை. பயிற்றுநருக்குப் புண்ணியம் சேர்ந்துவிட்டால் அவருக்கு முறையான சம்பளம் தரும் கடமையும் இல்லை. பிறவிக் கணக்கை நம்பும் ஊரில் அரசு பொறுப்பிலிருந்து நழுவுவது மிகச் சுலபம்.

பயிற்றுநர் தினமும் ஒரே பள்ளியில் இருக்க முடியாது. பல பள்ளிகளைச் சுற்றவேண்டும், நடக்க முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகவேண்டும். மற்ற நாட்களில் யார்? பள்ளித் தாழ்வாரத்தைப் பாருங்கள். ஒயர் கூடையில் மாற்று நிக்கர், துண்டு, ஸ்பூன், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு ஒரு தாய் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று டீச்சர் கூப்பிட்டதும் எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போவார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவார். களை பறிக்கப் போனால் கிடைக்கும் கூலி அன்றைக்கு இல்லை. பல நாடுகளில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலை இது. இங்கே தாய்ப்பாசம் என்று பெயர் சூட்டி இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் உதவிப் பணியாளர்களையும் உருவாக்கச் சொல்கிறது. சிறப்பாசிரியர்களுக்கு விகிதம் வகுக்கும்படி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசு பிறகு அறிவித்தது. 2025 மார்ச்சிலும், பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது 3,500 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்கூட வராது. அந்தத் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் மும்மொழிக் கொள்கை விவகாரத்தில் மாநிலத்தின் பக்கம்தான் நான். ஆனால் ஒன்றிய அரசைக் கைகாட்டும் மாநிலம், தன் பிடியில் இருந்ததை எப்படி நடத்தியது?

ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லிக்கொடுக்க 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். அது 12,500 ஆவதற்கு 2024 வரை காத்திருந்தார்கள். ஆண்டுக்காண்டு மே மாதச் சம்பளம் இல்லாமல் போனது. மே மாதத்தில் வீட்டுக்காரர் வாடகை வேண்டாம் என்பாரா? பணிநிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி தந்த கட்சிதான் ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகும் அவர்கள் சென்னையில் மறியல் செய்து கைதாகிக்கொண்டிருந்தார்கள்.

"ஆசிரியர் தொழில் தெய்வீகமானது, பணத்துக்காக வரக்கூடாது" என்கிறவர்கள், இதைக் கலெக்டரிடமோ இதய அறுவை நிபுணரிடமோ ஒருமுறையாவது சொல்லியிருப்பார்களா? குறைந்த கூலிக்காரரிடம் மட்டுமே தெய்வீகம் பேசப்படுகிறது. அதிலும் பெண்கள் செய்யும் வேலை என்றால் கூடுதலாகவே. நல்ல சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவரைச் சுயநலக்காரர் என்று பேசுவது அநியாயம். மூன்று வருடம் பழகி, ஒரு பிள்ளையின் கண்ணசைவுக்கு என்ன பொருள் என்று தெரிந்துவைத்திருந்தவர் அவர். அவரை இழக்கவைத்தது நம் கஞ்சத்தனம்.

பொறுப்பை அரசே ஏற்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத பாடம் அல்ல. 1920இல் நீதிக்கட்சியின் கையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1956இல் காமராஜரும் 1982இல் எம்.ஜி.ஆரும் அதை விரிவாக்கினார்கள். படிப்பு தலையெழுத்து என்று விட்டிருந்தால் நம்மில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்திருப்போம். தலையெழுத்தை மாற்றியது பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம். ஆனாலும் அந்தச் சோற்றை வடிக்கிற சத்துணவு ஊழியர்களைக்கூட முழுமையான காலமுறை ஊதியத்துக்கு வெளியேதான் வைத்திருக்கிறோம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது பெருமைப்பட்டோம். தவறில்லை. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஒரு கல்லைப் பெயர்த்தால் மத்தியச் சட்டப்படி குற்றம். அதே ஊரில், அரசே அறிவித்த விகிதப்படி ஆசிரியர் கிடைக்காத பிள்ளைக்காக யார் மீதும் வழக்கு வருவதில்லை.

செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களின் ஊராட்சிகளில் மே 1 அன்று கிராம சபை கூடும். உழைப்பாளர் நாள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வீட்டுவரி வசூலித்துக் கணக்கை மைக்கில் வாசிக்கத் தெரிந்த நமக்கு, இந்தக் கணக்கையும் கேட்கத் தெரியும்: நம் ஒன்றியத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்புப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர் எத்தனை பேர், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குப் பதிலாகச் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர் எந்த மாதம் வருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள்.