ஹளரத் அனஸ் (ரலி) அவர்களும் சுரைக்காயும்

 

 

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது நம் கண்ணமங்கலம். மேற்கே முகத்தைத் திருப்பினால் ஜவ்வாது மலை. அந்த மலையிலிருந்து பருவத்துக்குப் பருவம் சீத்தாப்பழமும் பலாவும் நாவலும் நெல்லியும் கூடை கூடையாக இறங்கி வருகின்றன. சந்தவாசலைத் தாண்டினால் படவேட்டு வாழைத் தோட்டங்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கோ 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஸூரத்து அபஸவின் 24-ஆம் வசனத்திலிருந்து அல்லாஹ் தஆலா மனிதனைத் தன் உணவைச் சற்று நோக்கும்படி ஏவுகிறான். மழையைப் பொழிந்து, பூமியைப் பிளந்து, தானியமும் திராட்சையும் காய்கறியும் ஒலிவமும் பேரீச்சையும் அடர்ந்த தோப்புகளும் கனிகளும் முளைப்பித்ததை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறான். அந்த ஆயத்துகளுக்கு விரிவுரை தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கடைத்தெருவுக்குப் போனால் போதும்.

ஆனால் அந்தக் கூடைகள் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகின்றனவா?

ஃபஜ்ருக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்: “நேற்று முழுவதும் யார் யார் பழம் தின்றீர்கள்? கையைத் தூக்குங்கள்.” முப்பது பிள்ளைகளில் நான்கு கைகள் எழுந்தன. அந்த நால்வரில் ஒரு பையனின் நன்னா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். நலம் விசாரிக்க வந்தவர்கள் வாங்கிவந்த ஆப்பிளும் சாத்துக்குடியும்தான் அவன் தின்ற பழம்! நம்மில் பல வீடுகளில் பழம் நுழைய வேண்டுமானால் முதலில் நோய் நுழைய வேண்டியிருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே பதில்: “டீயும் பன்னும், ஹஜ்ரத்.” மீதி இடத்தை மக்தபுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலுள்ள பெட்டிக்கடை பாக்கெட்டுகள் நிரப்புகின்றன. நாம் பெருநாளில் கொடுத்த காசும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. காமராஜர் காலத்தில் 1956-இல் விரிவடைந்த மதிய உணவு, 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிக்கப்பட்ட காலை உணவு என்று நம் மாநிலத்தில் பிள்ளையின் வயிற்றுக்காகச் செய்யப்பட்டிருப்பவை கொஞ்சமல்ல. உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறி சாம்பார் ஊற்றுகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் செய்யும் அம்மாள் என்னிடம் சொன்னார்: “அதை ஏன் கேக்குறீங்க, பாய்! பூசணியும் கேரட்டும் நறுக்கிப் போட்டா, பிள்ளைங்க எல்லாத்தையும் தட்டோரமா ஒதுக்கிட்டு எழுந்து போயிடுது. அள்ளிக் கொட்டுறது நாங்க.” எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார். என் பிள்ளையும் அதில் உண்டு.

உண்டு முடித்தபின் விரல்களைச் சூப்பவும் பாத்திரத்தை வழித்து உண்ணவும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள்; உணவின் எந்தப் பகுதியில் பரகத் இருக்கிறதென்று உண்பவர் அறியமாட்டார் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீது இது. தட்டோரத்துக்குத் தள்ளப்பட்ட அந்தக் கேரட் துண்டில் பரகத் இருந்திருந்தால்?

தாய்மார்களே, பிள்ளையின் நாக்கு எங்கிருந்து ருசி கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஹதீதுக் கிதாபுகளிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஹளரத் அனஸ் (ரலி) அவர்களை அவர்களுடைய தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பத்து வயதுப் பாலகராக நாயகத்தின் பணிவிடைக்கு ஒப்படைத்தார்கள். பத்து ஆண்டுகள் அவர்கள் அந்த வாசலில் வளர்ந்தார்கள். ஒருநாள் மதீனாவில் ஒரு தையற்காரர் தாம் சமைத்த உணவுக்கு நாயகத்தை அழைத்தார். அனஸ் (ரலி) அவர்களும் உடன் போனார்கள். பெரிய விருந்தொன்றுமில்லை; வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட சாறும்தான். அந்தப் பாத்திரத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சுற்றிலும் கைவிட்டுச் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுப்பதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டார்கள். அன்று முதல் தமக்குச் சுரைக்காய் பிரியமாகிவிட்டதென்று அவர்களே அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது இது. தாம் உண்ணாமல் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி நாயகத்தின் முன்னால் நகர்த்தி வைத்ததாகவும் ஓர் அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள்! சுரைக்காயின் சிறப்பைப் பற்றி அங்கே ஒரு பயானும் நடக்கவில்லை. “அனஸே, இதைத் தின்னு, உடம்புக்கு நல்லது” என்று அங்கே யாரும் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. இறைச்சியும் காயும் கலந்த ஒரு பாத்திரத்தில், தாம் உயிரினும் மேலாக நேசித்த ஒருவரின் கை எதை நோக்கிப் போகிறது என்பதை ஓர் இளையவர் பார்த்தார். அவ்வளவுதான்.

இந்த ஹதீதை ஒரு வெள்ளிக்கிழமை காலை மக்தபில் சொல்லிக்கொடுத்தேன். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால், சுரைக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. சிறு வயதிலிருந்தே எனக்குச் சுரைக்காய் ஆகாது. பழக்க தோஷத்தில் கறித்துண்டுகளை எடுத்துக்கொண்டு காயைத் தட்டோரமாக ஒதுக்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா இரத்தம் குறைவாக இருக்கிறதென்று சீட்டு எழுதிக்கொடுத்தது அதற்கு முந்தின வாரம்தான். அவள் மெதுவாகக் கேட்டாள்: “அத்தா, நாயகம் தேடித் தேடி எடுத்தாங்கன்னு காலையில சொன்னீங்களே. நீங்க மட்டும் ஏன் ஓரத்துல வைக்கிறீங்க?”

பார்த்தேன், அவள் தட்டிலும் சுரைக்காய் ஓரத்தில்தான் இருந்தது. என் தட்டைப் போலவே, அதே பக்கத்தில். மிம்பரில் பேச நாவு உள்ளவன். அன்று எனக்கு வாய் எழவில்லை. ஒதுக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன். சுரைக்காய் அன்றே எனக்கு இனித்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். இன்றும் அது எனக்குப் பழகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவளும் இரண்டு துண்டு தின்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளைக் காய் தின்ன வைக்கும் ஆர்வத்தில் இல்லாத ஹதீதுகளைச் சொல்லிவிடக் கூடாது. கத்தரிக்காய் எந்த நாட்டத்தோடு உண்ணப்படுகிறதோ அதற்குப் பலன் தரும் என்று ஒரு செய்தி நெடுங்காலமாக உலவுகிறது. அது இட்டுக்கட்டப்பட்டதென்று இப்னுல் கையிம் (ரஹ்) போன்ற இமாம்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இலவம்பாடிக் கத்தரிக்காய்க்கு அதன் ருசியே போதும். நாயகத்தின் பெயரால் பொய்ச் சான்றிதழ் அதற்குத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பேச்சும் உண்டு. தஸ்தர்கானில் உட்கார்ந்து சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள்: “பனூ இஸ்ராயீல் மன்னு ஸல்வாவை விட்டுக் கீரையும் வெள்ளரிக்காயும் பருப்பும் வெங்காயமும் கேட்டதற்காகத்தானே கண்டிக்கப்பட்டார்கள்? கறி இருக்கும்போது காய் எதற்கு?” ஸூரத்துல் பகராவின் 61-ஆம் ஆயத்தை இப்படிப் புரிந்துகொள்வது சரியல்ல. அங்கே கண்டிக்கப்பட்டது அல்லாஹ் அருளியதில் பொறுமையின்மையும் நன்றி மறந்த தன்மையும்தான். வெள்ளரிக்காய் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதே வெள்ளரிக்காயைப் பேரீச்சம்பழத்தோடு சேர்த்து நாயகம் (ஸல்) அவர்கள் உண்டதைத் தாம் பார்த்ததாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. இறைச்சி ஹலாலானது, சத்தானது. அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகவே சேரும். ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் வாரம் ஏழு நாளும் கறி? ஒருநாள் கறி; மற்ற ஆறு நாளும் வெறும் சோறும் தண்ணீர்க் குழம்பும் என்றுதானே பல வீடுகளில் நடக்கிறது!

அதன் விளைவு இரத்தத்தில் தெரிகிறது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் நிரம்பிய, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாடு முழுவதும் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்த சோகை. நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57. பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு தானாக இரத்தத்தில் ஏறிவிடாது. புளிப்புள்ள பழங்களின் வைட்டமின் சி கூட வந்தால்தான் நன்றாக ஏறும். ஒரு நெல்லிக்காய், பாதி எலுமிச்சைச் சாறு, ஒரு கொய்யா எதுவானாலும் சரி. ஆரஞ்சை விடக் கொய்யாவில் அந்தச் சத்து பல மடங்கு. இதற்கு நேர்மாறாக, சாப்பாட்டோடு குடிக்கும் டீ அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. நம் வீடுகளில் டீ எத்தனை வேளை, யார் யாருக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சோறு ஒரு வேளை, டீ வேறொரு வேளை என்று பிரித்துவிடுங்கள். டீயை அடியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 350 கிராமாவது, பத்து வயதுக்கு மேல் 400 கிராமாவது வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வரையறுத்தது. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். காஷ்மீர் ஆப்பிளுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஒரு கொய்யா, ஒரு வாழைப்பழம், இருவேளைச் சோற்றோடு ஒவ்வொரு கைப்பிடி காயோ கீரையோ என்றால் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

“எங்கள் பிள்ளை பழத்தைத் தொடவே மாட்டான்” என்று சொல்லும் தாய்மார்கள் ரமளானை நினைத்துப் பாருங்கள். மஃரிப் பாங்குக்கு முன்னால் தஸ்தரில் பேரீச்சம்பழமும் தர்ப்பூசணியும் வாழைப்பழமும் வரிசையாக இருக்கும்போது, நோன்பு வைக்காத வாண்டுகூட எத்தனை ஆசையோடு கையை நீட்டுகிறது! கேரட்டும் புதினாவும் கொத்தமல்லியும் மிதக்கும் நோன்புக்கஞ்சியை ஒதுக்கிவைத்த பிள்ளையை நான் கண்டதில்லை. பெரியவர் சிறியவர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே தஸ்தரில் உட்கார்ந்து அதையே தின்கிறார்கள் என்பதல்லாமல் வேறென்ன காரணம்? ஷவ்வால் பிறை தெரிந்ததும் பழத்தட்டை எடுத்துவிடுகிறவர்கள் நாம்தான். பிள்ளைகளல்ல.

அதற்காக வாயைப் பிடித்துத் திணிப்பதும், அடித்துத் தின்ன வைப்பதும் வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதில் பிள்ளைக்கும் பாடம் உண்டு, பெற்றோருக்கும் பாடம் உண்டு. பாகற்காயைப் பார்த்து “தூ” என்று முகம் சுளிக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இன்று வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் ஒரு சிறு துண்டை வையுங்கள். எட்டுப் பத்து முறை கண்ணில் பட்டபின்தான் பல பிள்ளைகளின் நாக்கு புதிய காயோடு சிநேகமாகிறதென்று வைத்தியர்களும் சொல்கிறார்கள். குழம்பு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் அத்தாமார்கள் இந்த ஹதீதைப் பிள்ளைகளுக்கு முன்பே ஓதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஸுன்னத்தும் நம்மில் மறைந்து கிடக்கிறது. மதீனாவாசிகள் தோட்டத்தில் முதன்முதலில் பழுத்த கனியை நாயகத்திடம் கொண்டுவருவார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கையில் வாங்கி, கனிகளிலும் மதீனாவிலும் அளவைகளிலும் பரகத் கேட்டு துஆச் செய்வார்கள். அதன்பின் அங்கிருப்பவர்களில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அந்தப் பழத்தைக் கொடுப்பார்கள். முஸ்லிமில் வரும் அறிவிப்பு இது. நம் வீடுகளில் முதல் பழம் யாருக்குப் போகிறது? விருந்தாளிக்கு, மருமகனுக்கு, வீட்டுப் பெரியவருக்கு. கடைசியில் மிஞ்சினால் பிள்ளைக்கு.

இந்த வருஷம் மலைச் சீத்தாப்பழம் இறங்கிய முதல் வாரத்தில் ஒரு கூடை வாங்கி மக்தபில் வைத்தேன். அந்த துஆவை எல்லாரும் என்னோடு சேர்ந்து ஓதினார்கள். அலிஃப், பே மட்டும் படிக்கும் ஐந்து வயதுப் பையன் ஒருவன்தான் எல்லாரிலும் சின்னவன். அவனை முன்னால் கூப்பிட்டு முதல் பழத்தை அவன் கையில் கொடுத்தேன். அதை எப்படிப் பிளப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெரிய பிள்ளைகள் பிளந்து காட்டினார்கள். பிறகு மற்றவர்களுக்கும் பங்கு வைத்தோம். அன்று பாடம் கால்மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. பாயெல்லாம் கறுப்புக் கொட்டை. பெருக்கியது நானும் அந்தச் சின்னவனும்.