அளவும் அளவுகோலும்

அளக்கத் தெரிந்த அறிவு, எதன் பொருட்டு அளக்கிறோம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். எளிய உண்மைபோலத் தோன்றும் இக்கூற்று, இக்கால மருத்துவத்தில் ஓர் அறவியல் வினாவாகவே எழுந்து நிற்கின்றது. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைக் கொண்டு அதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி என்னும் மருத்துவர், உலோகத் தலையும் பிளாஸ்ரிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டினைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் நெடுங்காலம், பல அளவு மூட்டுகளின் உருவம் வரைந்த ஒளிபுகு தாள்களை எக்ஸ் கதிர்ப் படத்தின்மேல் வைத்தே மருத்துவர்கள் பொருந்தும் அளவைத் தெரிவு செய்தனர். இன்று அப்பணியைக் கணினி மென்பொருள் ஆற்றுகின்றது. கிண்ணத்தின் அளவு, தொடையெலும்பினுள் செருகும் தண்டின் அளவு, எலும்பை வெட்டவேண்டிய இடம், இரு கால்களின் நீள வேறுபாடு ஆகியன கத்தி படுமுன்னரே திரையில் திட்டமிடப்படுகின்றன.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூட்டு, படத்தட்டிலிருந்து விலகியிருப்பதால் படத்தில் உண்மையளவினும் பெரிதாகத் தோன்றும். எனவே, விட்டம் தெரிந்த ஓர் உலோகக் குண்டினை மூட்டின் மட்டத்தில் வைத்துப் படமெடுப்பர். குண்டு வேறு மட்டத்தில் அமைந்துவிடின், மென்பொருள் கூறும் அளவுகள் யாவும் பிழைபடும். கணிப்பு எத்துணைக் கூர்மையானதாயினும், அளவுகோலை உரிய இடத்தில் வைப்பது மனிதரின் பொறுப்பேயாகும்.

உடலை அளப்பதற்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், அவ்வுடலைக் கொண்டு வாழ்பவரின் தேவையை அறிவதற்கு எத்துணைக் கவனம் வேண்டும்! சிங்கராஜ வனத்தை அண்டிய, மழை மிகுந்த கலவான பகுதித் தோட்டமொன்றில் முதுமையெய்திய ஒரு பெண்தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். வழுக்கும் சரிவில் ஏறுதல், கொழுந்துச் சுமை தாங்குதல், குந்தியிருந்து அடுப்பெரித்தல், லயத்துக்கு வெளியேயுள்ள மலசலகூடம் செல்லுதல் என்பனவே அவரது கால்களுக்குரிய பணிகள். மூட்டின் பின்புறமாக அணுகிச் செய்யும் சிகிச்சைக்குப்பின், மூட்டு நழுவாதிருக்கும் பொருட்டு ஆழக் குந்துதலைத் தவிர்க்குமாறு கூறுவது நெடுங்கால வழக்கம். ஆகவே, திரையில் வெற்றியெனத் தோன்றுவது லயத்தில் வெற்றியாகாது போகலாம்.

‘அளவைச் செவ்விதாகக் காண்பதே மருத்துவனின் கடமை, வாழ்க்கை நிலையைத் திருத்துவது சமூகத்தின் கடமை’ என்று மறுப்போர் உளர். இம்மறுப்பில் உண்மை உண்டெனினும் அது முழுமையானதன்று. எவ்வழியில் மூட்டை அணுகுவது, எத்துணைப் பெரிய தலையைப் பொருத்துவது என்பனவும் திட்டமிடலின் கூறுகளே. நோயாளி எவ்வாறு வாழ்கிறார் என்று வினவாமல் அவற்றைத் தீர்மானிப்பது, குண்டு வைக்காது படமெடுப்பதை ஒத்ததாகும்.

தோட்ட மக்கள் அளவைகளை அறியாதவர் அல்லர். அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. குறித்த நிறைக்குக் குறைந்தால் ‘அரைப் பேர்’ போடும் வழக்கமும் உண்டு. அவர்களது உழைப்பு அளக்கப்பட்டது. உழைத்த உடலின் தேவை கேட்கப்பட்டதோ அரிது. கேட்பதற்கு மொழியும் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால், மருத்துவர் சிங்களத்தில் வினவ, நோயாளி தமிழில் விடையளிக்க, இடையே ஒரு பேரப்பிள்ளை மொழிபெயர்க்க நேருமாயின், பெறப்படும் சம்மதம் எத்துணை நிறைவானது என்பது சிந்தித்தற்குரியது.

நுண்கருவிகள் மலையகத்தை வந்தடைதல் வேண்டும். அவற்றை மறுப்பது ஏழைக்கு இழைக்கும் அநீதியே. ஆயின், கருவியோடு வினாவும் வருதல் வேண்டும். ‘இக்காலால் நீங்கள் என்ன செய்யவேண்டும், அம்மா?’ என்று அவரது மொழியில் கேட்டு, விடையைச் செவிமடுத்த பின்னரே திரையின் அளவுகள் ஒரு மனிதருக்குரிய அளவுகளாகும்.