காகிதத்தின் அழுக்கு

செந்தூலில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். நாளிதழில் நினைவஞ்சலிக்கும் அதே படம்தான். கையில் இருப்பது பெரும்பாலும் ஐசி-க்கு எடுத்தது, இல்லையென்றால் யாருடைய கல்யாணத்திலோ மூன்றாவது வரிசையில் நின்றபோது எடுத்தது. பகலில் தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் எனக்கு போட்டோஷாப்பும் தெரியும் என்ற செய்தி எங்கள் அடுக்குமாடியில் எப்படியோ பரவிவிட்டது. இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று படங்களாவது வந்துவிடுகின்றன. காசு வாங்குவதில்லை. வாங்கினால் கேட்டதைச் செய்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கேட்பது என்னவென்றால், "கொஞ்சம் செவப்பா ஆக்கிடுங்க தம்பி."

ஆரம்பத்தில் என்னிடம் ஒரு விதி இருந்தது. காகிதத்துக்கு நேர்ந்ததைத் திருத்தலாம், மனிதருக்கு நேர்ந்ததைத் தொடக்கூடாது. மடிப்பு, பூஞ்சை, மஞ்சள் படிந்தது, ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்தபோது போன மூலை, இதெல்லாம் காகிதத்தின் அழுக்கு. அம்மைத் தழும்பும் விழுந்த பல்லும் தோலின் கறுப்பும் அந்த மனிதருடையவை. ஒருவர் எழுபது வருஷம் அந்த நிறத்தோடு வாழ்ந்திருக்கிறார். செத்த பிறகு அவருக்குப் பதிலாக வேறொருவரை மாட்டி மாலை போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

விதி நன்றாகத்தான் இருந்தது. பழைய படச்சுருள் எப்படி வேலை செய்தது என்று படித்தபோதுதான் சிக்கல் வந்தது. கறுப்பு வெள்ளை ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்கும் பிலிமுக்கும் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியவே தெரியாது. பழுப்புத் தோலிலிருந்து திரும்பிவரும் ஒளியில் சிவப்புதான் அதிகம். ஆகவே அந்தத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகவே பதியும். வண்ணப்படம் வந்த பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. பிரிண்ட் போடும் இயந்திரங்களை நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். பல நிறத்தவர் முகங்கள் அதில் இடம்பெற 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. இது போதாதென்று, 1990இல் போட்டோஷாப் விற்பனைக்கு வருவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பிருந்தே ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மீது பென்சிலால் சுருக்கங்களை மறைத்துவந்தார்கள். அப்படியானால் நான் எதை அசல் என்று காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

"எங்கம்மா இவ்ளோ கறுப்பு இல்ல தம்பி" என்று ஒருவர் சொன்னால், அது வெள்ளைத்தோல் மோகமாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். எனவே இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்க வீட்டுல இப்ப இருக்கறவங்கள்ல யாரு அம்மா நிறம்? யாராவது ஒருவரைக் காட்டுவார்கள். அவருடைய கையை ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு அதுவரை மட்டும் ஏற்றுவேன். சிலர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் யாரைக் காட்டினாலும் அது அவர்கள் கேட்ட நிறமாக இருக்காது. அதற்காக அவர்களைச் சும்மா கேலி செய்துவிடவும் முடியவில்லை. அந்த அம்மாவே உயிரோடிருந்தபோது ஸ்டூடியோவுக்கு முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு போனவராக இருக்கலாம். அவருடைய ஆசை யாருடையது, ஊர் அவருக்குள் போட்ட ஆசைதானா என்றெல்லாம் நான் உட்கார்ந்து விசாரிக்க முடியாது.

இந்த இரண்டு வருஷத்தில் வேலை இன்னும் குழம்பிவிட்டது. இப்போது வருகிறவர்கள் கைப்பேசி ஆப்பில் ஏற்கெனவே 'தெளிவாக்கிய' படத்தோடு வருகிறார்கள். மயிர்க்கால்கூடத் தெரிகிறது. இந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 'பல்ஸ்' என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். 16க்கு 16 புள்ளிகள் கொண்ட மங்கலான முகத்தைக் கொடுத்தால் 1024க்கு 1024 அளவில் துல்லியமான முகம் கிடைக்கும். உள்ளே போனது 256 புள்ளி, வெளியே வந்தது பத்து லட்சத்துக்கு மேல். ஒரு புள்ளிக்கு 4,095 புள்ளிகளை அது தானாக இட்டு நிரப்புகிறது. அதே வருஷம் ஒருவர் ஒபாமாவின் மங்கலான படத்தை அதில் போட்டுப் பார்த்தார். வெளியே வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். அதை மென்பொருளின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. சுருக்கினால் அதே 256 புள்ளிகளாக மாறக்கூடிய முகங்கள் எத்தனையோ உண்டு; அது பழகிய முகங்களில் யார் அதிகமோ அந்தச் சாயலில் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. செவப்பா ஆக்குங்க என்று யாரும் கேட்காமலே ஆக்கிக் கொடுக்கும் கருவி நமக்கு வாய்த்திருக்கிறது.

இதையெல்லாம் நான் தீவிரமாக யோசிக்கக் காரணம் புகைப்படமே அல்லாத ஒன்று. எங்கள் புளோக்கில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. படம் ஒன்றும் கிடையாது. பல வருஷங்களுக்குப் பிறகு பாட்டியின் அண்ணன் நினைவிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பென்சிலால் அப்பாவை வரைந்திருக்கிறார். அந்த அண்ணனும் இப்போது இல்லை. தாள் நான்காக மடிந்து, மடிப்பில் கிழிந்து, ஒரு பக்கம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. "இத போட்டோ மாதிரி பண்ணிக் குடுப்பா" என்றார் பாட்டி.

கறையை எடுப்பது சுலபம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, தாளின் பழுப்பைத் தனியே பிரித்து, லெவல்ஸில் வெள்ளையை ஏற்றினால் பென்சில் கோடு மட்டும் நிற்கும். ஆனால் அந்தப் பெரிதாக்கிய திரையில் தாளில் தெரியாத ஒன்று தெரிந்தது. தாடையை அவர் மூன்று முறை வரைந்து அழித்திருக்கிறார். நான்காவது கோடுதான் நின்றிருக்கிறது. மீசை ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. அதாவது அண்ணனுக்கு அப்பாவின் மீசை நிச்சயமாக நினைவிருந்தது, தாடை நினைவில்லை. பழகிய கையோடு திரெஷோல்ட் வைத்திருந்தால் அழித்த தடங்களெல்லாம் காகிதத்தின் அழுக்கோடு சேர்ந்து போயிருக்கும். அவற்றை அப்படியே விட்டேன்.

புகைப்படமாக்குவது வேறு விஷயம். ஓவியம் தன்னை யாரோ வரைந்ததாகச் சொல்லிக்கொண்டேதான் நிற்கிறது. புகைப்படம் அப்படியில்லை. இந்த ஆள் ஒருநாள் ஒரு கேமரா முன்னால் நின்றார் என்று அது சாட்சி சொல்கிறது. பாட்டியின் அப்பா நிற்கவில்லை. அந்த ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே போர்க்கைதியாக இருந்த ஆங்கில ஓவியர் ரொனால்ட் சேர்ல், காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றிய ஓவியங்கள் இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரோடு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி இல்லை. படமில்லாமல் போனது அவருக்கு நடந்தவற்றில் ஒன்று. ஒரு போலிப் புகைப்படம் அதையும் மூடிவிடும்.

2021 ஏப்ரலில் கம்போடியாவில் இதைப் போன்ற ஒன்று வெடித்தது. நாம்பென் நகரின் துவோல் ஸ்லெங் சிறையில், கொல்லப்படுவதற்கு முன் கைதிகளை எடுத்த படங்களுக்கு ஓர் ஐரிஷ்காரர் வண்ணமேற்றினார். 'வைஸ்' இதழ் வெளியிட்டது. அசலோடு ஒப்பிட்டவர்கள் பார்த்தால், சில முகங்களில் புன்னகை வந்திருக்கிறது. உறவினர்கள் கொதித்தார்கள், கம்போடியக் கலாசார அமைச்சு எச்சரித்தது, இதழ் படங்களை நீக்கியது. வண்ணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. புன்னகையை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

சுவரோவியங்களைச் சீரமைக்கும் இத்தாலியர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. செசாரே பிராண்டி என்பவரின் வழிகாட்டலில் ரோமில் வளர்ந்த முறை. உதிர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது பின்னால் போட்டது என்று யாரும் கண்டுகொள்ளலாம். நோட்டுத் தாளின் கிழிந்த இடத்தில் தோள்பட்டைக் கோடு அறுந்திருந்ததை நான் அப்படித்தான் சேர்த்தேன், மற்றதைவிட ஒரு சாயல் வெளிறிய சாம்பலில்.

பாட்டியிடம் அச்சிட்டுக் கொடுத்து, ஏன் போட்டோவாக்கவில்லை என்று சொன்னேன். பாதி கேட்டார். "நீ சொல்றது சரிதான்யா. ஆனா சாமி ரூமுல எல்லாரும் போட்டோவா இருக்காங்க, அப்பா மட்டும் பென்சில்ல இருக்காரு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் பேரன் கைப்பேசியில் பத்து விநாடியில் செய்து கொடுத்துவிட்டான். நல்ல சட்டை, கூரான தாடை, கண்ணில் ஒளி. போய்ப் பார்த்தேன். இரண்டையும் மாட்டியிருக்கிறார். விளக்கு போட்டோவுக்குக் கீழே எரிகிறது. யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்துபோய்ப் பென்சில் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, மீசையைத் தொட்டுக் காட்டிப் பேசுகிறார்.