வராத ரயிலின் பாதை

'வீண்' என்கிற சொல்லை நாம் மிகவும் தாராளமாகச் செலவழிக்கிறோம். பாதியில் நின்ற வீட்டைப் பார்த்தால் பணம் வீண் என்கிறோம். படித்த படிப்புக்கு உத்தியோகம் கிடைக்காதவனைப் பார்த்தால் படிப்பு வீண் என்கிறோம். எந்த நோக்கத்துக்காக ஒரு காரியம் தொடங்கியதோ அந்த நோக்கம் கைகூடாவிட்டால், அதற்காகச் சிந்திய வியர்வை அத்தனையும் வீண் என்று ஒரே பேச்சில் கணக்கை முடித்துவிடுகிறோம். இந்தக் கணக்கு சரிதானா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஸ்பெயின் தேசத்தின் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சைக்கிள் பாதை அந்தச் சந்தேகத்தை வளர்த்துவிட்டது.

அண்டலூசியப் பகுதியில் புவெர்ட்டோ செர்ரானோ என்ற ஊரிலிருந்து ஒல்வேரா என்ற ஊர் வரை சுமார் 36 கிலோமீட்டர் செல்கிறது அந்தப் பாதை. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. சைக்கிளில் போகிறவர்களும், நடப்பவர்களும், குதிரையில் வருகிறவர்களும்தான் அதில் செல்லலாம். இருபுறமும் குன்றுகள், ஒலிவ மரங்கள், கீழே சிற்றாறு. இடையில் ஸாஃப்ரமகோன் என்ற செங்குத்தான பாறை ஒன்று நிற்கிறது. பெரிய பாறுக் கழுகுகள் அங்கே கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், சிறகை அசைக்காமலே அவை வட்டமிடுவதைக் காணலாம்.

மலைப்பிரதேசத்தில் சைக்கிள் விட்டவர்களுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று தெரியும். நூறு அடி தூரத்துக்கு எட்டு அடி, பத்து அடி என்று ரோடு ஏறும்போது, திடகாத்திரமான வாலிபனும் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். இந்தப் பாதையிலோ சிறுவர்கள் போகிறார்கள். தலை நரைத்த தம்பதிகள் பேசிக்கொண்டே போகிறார்கள். நானும் மூச்சு வாங்காமல் போனேன். காரணம் எளிது. அது ரயிலுக்காக வெட்டிய பாதை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். ஆகையால் ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு அடிக்கு இரண்டு அடி ஏற்றம் என்பதே அதற்குப் பெரும் பாரம். ஆகவே குன்று குறுக்கிட்டால் குடைகிறார்கள். பள்ளம் குறுக்கிட்டால் பாலம் கட்டுகிறார்கள். இந்த 36 கிலோமீட்டரில் 30 சுரங்கங்கள். உயரமான பாலங்கள் 4. சுரங்கங்களில் மிக நீண்டது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இயந்திரத்தின் இயலாமைக்காகச் செய்த ஏற்பாடு, இன்று முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கருணையாக வாய்த்திருக்கிறது.

ஆனால் விஷயம் இதோடு முடிந்துவிடவில்லை. அந்த வழியாக ஒரு ரயிலும் ஓடியதில்லை.

ஓடி ஓய்ந்த ரயில் பாதைகள் சைக்கிள் பாதைகளாக மாறியது பல தேசங்களில் நடந்திருக்கிறது. திரியெஸ்டே நகரிலிருந்து இஸ்திரியாவின் குன்றுகளுக்கு இடையே போரெச் வரை 123 கிலோமீட்டர் தூரம், 1902 முதல் 1935 வரை ஒரு சிறிய ரயில் ஓடிற்று. இன்று அதன் தடத்தில் சைக்கிள்கள் செல்கின்றன. அதைப் பார்த்தால் மனம் சங்கடப்படுவதில்லை. உழைத்து முடித்த கிழவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனோடு விளையாடுகிறார் என்று எண்ணிக்கொள்ளலாம். ஸ்பெயின் பாதையின் கதை அப்படியல்ல. ஹெரேஸ் நகரையும் அல்மார்ஹென் என்ற ஊரையும் இணைப்பதற்காக, பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சிக் காலத்தில், 1920-களின் பிற்பகுதியில் அதைத் தொடங்கினார்கள். 1930-இல் அவர் ஆட்சி போயிற்று. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மலையைக் குடைந்தாயிற்று, பாலங்களை எழுப்பியாயிற்று, ஸ்டேஷன்களைக்கூடக் கட்டியாயிற்று. அந்த ஸ்டேஷன்களில் ஒருவர்கூட டிக்கெட் வாங்கவில்லை. கைவிட்ட ரயில் தடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்கும் திட்டம் 1993-இல் ஸ்பெயினில் தொடங்கிய பிறகுதான் இந்த வழிக்கு உயிர் வந்தது. இப்போது அந்த ஸ்டேஷன்களில் சில விடுதிகளாகவும் உணவுச்சாலைகளாகவும் இருக்கின்றன.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, உலகத்தில் எதுவும் வீண்போவதில்லை" என்று சொல்லத் தோன்றும். சொல்லுவதற்கு இனிமையான வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்லுவது யார்? ஸ்டேஷன் நிழலில் அமர்ந்து பகலுணவு அருந்தும் சைக்கிள் பயணி சொல்லலாம். அந்த மலையைக் குடைந்தவன் சொல்லுவானா? அண்டலூசியாவில் நிலமெல்லாம் பெரும் பண்ணைகளிடம் இருந்த காலம் அது. ஒலிவ அறுவடை முடிந்தால் கூலிக்காரனுக்கு வேலை இல்லை. பாறையின் இருட்டில் அவன் வாங்கிய கூலியோடு, அவன் ஊருக்கு ரயில் வரும் என்கிற வாக்குறுதியும் சேர்ந்திருந்தது. அந்த வாக்குறுதி பொய்த்தது. 1950-களிலும் 60-களிலும் அண்டலூசியக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்ஸிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனார்கள். ரயில் வந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று நான் வாதிக்கவில்லை. அந்த ரயிலிலேயே ஏறிப் போயிருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் அவர்கள் இழந்ததற்கு என் உல்லாசத்தை ரசீதாக நீட்ட எனக்கு உரிமை இல்லை. பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மவர் பழமொழி. அந்தக் கூலிக்காரன் பார்க்கவும் இல்லை.

பலன் கருதாமல் பணி செய் என்ற உபதேசம் இருக்கிறதே என்று சிலர் நினைவூட்டக்கூடும். உயர்ந்த உபதேசம்தான், உழைக்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அது அவனுக்குப் பலம் தருகிறது. உழைப்பை வாங்குகிறவன் அதைச் சொல்லத் தொடங்கினால், கூலியைக் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். கேட்கிற வாயைப் பொறுத்து ஞானமாக இருப்பது, சொல்லுகிற வாயைப் பொறுத்துத் தந்திரமாகிவிடுகிறது.

அப்படியானால் அந்த உழைப்பு வீண்தானா? இங்கேதான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வேலையின் நோக்கம் ஏவியவனுடையது. அதன் நேர்த்தி செய்தவனுடையது. சர்வாதிகாரியும் அவருடைய திட்டமும் போய்விட்டார்கள். கொத்தன் அடுக்கிய கல் நின்றுவிட்டது. 'இந்த ரயில் எங்கே வரப்போகிறது' என்று எண்ணி அவன் ஏனோதானோவென்று அடுக்கியிருந்தால், பல பத்து ஆண்டு மழையில் அந்தப் பாலம் ஆற்றில் கிடந்திருக்கும். பிற்காலத்தில் அந்தத் தடத்தைச் செப்பனிட்டார்கள், நீளமான சுரங்கங்களில் விளக்குப் போட்டார்கள், உண்மை. செப்பனிடுவதற்கு ஒன்று மிஞ்சியிருந்ததே, அது அவன் கைவேலை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சட்டென்று மடக்கினார்: "நேர்த்தி, நேர்த்தி என்கிறீர்களே! நேர்த்தியாகச் செய்த தூக்குமேடையும் உலகத்தில் உண்டு. அந்தத் தச்சனையும் பாராட்டுவீர்களா?" நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றிய பதில் இது: தூக்குமேடைக்கு ஒரே ஒரு உபயோகம்தான் உண்டு, ஆகவே அதன் நேர்த்தியும் அந்தப் பாவத்தில் பங்கு பெறுகிறது. பாதை அப்படிப்பட்டதல்ல. ரயிலுக்காக வெட்டினாலும், வழி என்பது போகிறவர் எல்லோருக்கும் வழிதான். ஆடு மேய்ப்பவன் அதில் போகலாம். அடுத்த ஊர் உறவினரைப் பார்க்கப் போகிறவள் போகலாம். கண்காணாத தேசத்திலிருந்து வந்தவனும் சைக்கிளை மிதித்துப் போகலாம். ஏவியவன் நினைத்ததைவிட அகலமான ஒரு நன்மை அந்த வேலைக்குள்ளேயே இருந்தது. ஆகவே, நன்றாகச் செய்தோமா என்று கேட்பதோடு, பிறர் நடக்க இடம் விடுகிற ஒன்றைச் செய்தோமா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனவே இரண்டு பேரேடுகளை வைத்துக்கொள்வதே நேர்மை என்பது என் எண்ணம். ஒன்றில், வாக்குக் கொடுத்து நிறைவேற்றாதவர்களின் கடன் இருக்கட்டும். எத்தனை ஆயிரம் சைக்கிள்கள் ஓடினாலும் அந்தக் கடனில் ஒரு காசுகூட வரவு வைக்க வேண்டாம். மற்றொன்றில், பாறையைக் குடைந்தவனின் பெயர் தெரியாத வரவு இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் 'வீண்' என்று எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை. வெயிலில் வந்து அந்த நீண்ட சுரங்கத்துக்குள் நுழைகிறவர்கள், விளக்கொளியில் சுவரைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். குளிர்ச்சியை அனுபவிக்கிறவர்கள் குடைந்த கையை நினைப்பது பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.