யார் வேகத்தில் நடப்பது?

மலைப்பாதையில் பின்னால் வருபவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. முன்னால் போகிறவர் மளமளவென்று ஏறி, ஒரு திருப்பத்தில் முதுகுப்பையை இறக்கி வைக்கிறார். தண்ணீர் குடிக்கிறார், காலை நீட்டி உட்கார்கிறார், கீழே தெரியும் ஏரியை ஆற அமரப் பார்க்கிறார். கால் மணி நேரம் கழித்துப் பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். அதற்குள் முன்னவருக்கு வியர்வை அடங்கி, குளிர் எடுக்கத் தொடங்கியிருக்கும். "போலாமா?" என்று எழுந்துவிடுகிறார். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ, அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. காலையிலிருந்து மாலை வரை இப்படியே நடந்தால், இருட்டும் நேரத்தில் ஒருவர் சமைக்கும் தெம்போடு இருப்பார். மற்றவருக்குக் காலணியின் கயிற்றை அவிழ்க்கவும் கை வராது.

இதில் அன்புக் குறைவு ஏதும் இல்லை. என் கணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றார். தண்ணீரை எடுத்து நீட்டினார். மெதுவாக வா என்றார். காத்திருப்பதைத் தான் எனக்குச் செய்யும் உதவியாக நினைத்தார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

நாங்கள் நடந்தது கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ஜான் மியூர் பாதையில். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரத்தில் முடியும் அந்தப் பாதையின் நீளம் சுமார் 340 கிலோமீட்டர். மகன் கல்லூரிக்குப் போன பிறகு வந்த கோடையில், அதன் தென்பகுதியில் ஒரு துண்டை நடப்பதென்று முடிவு செய்தோம். ஃப்ளாரன்ஸ் ஏரிப் பக்கம் உள்ளே நுழைந்தால், கியர்சார்ஜ் கணவாய் தாண்டி வெளியே வரும்வரை குறுக்கே ஒரு சாலை கிடையாது. செல்போன் எடுக்காது. 1964இல் இயற்றப்பட்ட காட்டுநிலச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் நிலம் அது. மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை, சைக்கிளுக்கும் இல்லை. கூடாரம், படுக்கை, அரிசி, பருப்புப் பொடி எல்லாம் முதுகில்தான் வர வேண்டும்.

பொதுவாக இங்கே இயந்திர ரம்பமும் கூடாது. பாதையில் விழுந்து கிடந்த ஒரு பெரிய பைன் மரத்தை ஓர் ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடியுள்ள நீள ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்ததை முதல் நாளே பார்த்தோம். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பாதை திறக்கும்வரை போக வழியில்லாததால் நின்று வேடிக்கை பார்த்தோம். இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளக் கூடாது என்று அந்தப் பெண் விளக்கினார். எதிரில் இருப்பவர் இழுக்கும்போது நாம் கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். நாமும் சேர்ந்து தள்ளினால் தகடு நெளிந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். நடுவில் அவர் கையை உதறிக்கொண்டு நிறுத்தினார். எதிரில் இருந்தவரும் அதே நொடியில் நிறுத்தினார், வேறு வழியில்லை. ஒருவர் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் ஓய்வு. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. அந்த வேலையே அப்படி அமைந்திருக்கிறது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

வீட்டு வாழ்க்கை அப்படி அமைந்ததில்லை. இந்த நாட்டுக்கு நாங்கள் வந்தது அவர் வேலைக்காக. அவர் அலுவலகத்தில் காலூன்றி, நண்பர்களைச் சேர்த்து, ஊரைப் பழகி முடித்த பிறகுதான் எனக்கு வேலை செய்யும் அனுமதியே கிடைத்தது. நான் கார் ஓட்டக் கற்று, ஒரு வேலையைத் தேடி, பக்கத்து வீட்டுக்காரர்களோடு தயக்கமில்லாமல் பேசத் தொடங்கிய சமயத்தில் அவர் அடுத்த ஊருக்குத் தயாராகியிருந்தார். "உனக்காகத்தானே இவ்வளவு நாள் இங்கேயே இருந்தோம்" என்றார். அது உண்மை. அந்த ஊரில் நான் நிம்மதியாக ஒரு நாள் உட்காரவில்லை என்பதும் உண்மை. என்னைச் சுற்றியுள்ள பல குடும்பங்களில் இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று பார்க்காமலேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் ஆயிரம் வேலைகளுக்கு நடுவே இது கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையில், ஒற்றையடிப் பாதையில், மறைக்க எதுவும் இல்லை.

லெகாண்ட் பள்ளத்தாக்கிலிருந்து பாலிசேட் ஏரிகளுக்கு ஏறும் இடத்துக்குப் 'பொன் படிக்கட்டு' என்று பெயர். செங்குத்தான கருங்கல் சரிவில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையில் கடைசியாகக் கட்டி முடித்த பகுதி இதுதான், 1938இல் முடித்தார்கள். அதன் அடிவாரத்தில் நான் சொன்னேன்: "இன்னைக்கு நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க." மலையேற்றக்காரர்களிடையே இது தெரிந்த வழக்கம்தான், மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது. அவர் உடனே வழிவிட்டு நின்றார்.

முதல் அரை மணி நேரம் முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்னாலேயே அவருடைய ஊன்றுகோல்கள் கல்லில் 'டக் டக்' என்று ஊன்றும் சத்தம் என்னை விரட்டியது. "கொஞ்சம் தள்ளி வாங்க" என்றேன். அதன் பிறகு அவர் எப்போதும் ஒரு வளைவு கீழே வந்தார். எட்டிப் பார்த்தால் எனக்கு நேர் கீழே அவருடைய தொப்பி எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். நான் கிழக்கே நடக்கும்போது அவர் மேற்கே. நான் பையை இறக்கினால் ஒரு நிமிடத்தில் அவரும் வந்து இறக்குவார். எனக்கு மூச்சு சீரான பிறகு நான் எழுவேன். உட்காரும் நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றாகிவிட்டது.

முன்னால் நடப்பதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. பாதையில் வருவதையெல்லாம் முதலில் பார்க்கிறவள் நான். பாறைமேல் வெயில் காயும் மர்மோட் என்னைப் பார்த்துத்தான் விசிலடித்தது. ஓடையை எந்தக் கல்லில் கால் வைத்துத் தாண்டுவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் என் தலையில் வந்தது. மணமேடையில் தீவலம் வந்தபோது அவர் முன்னால், நான் பின்னால். அன்று முதல் அந்த வரிசையை நாங்கள் யோசித்துப் பார்த்ததில்லை. மலையில் அது மாறியபோது, முடிவெடுக்கும் பொறுப்பும் வரிசையோடு சேர்ந்து கை மாறியது.

பாலிசேட் ஏரிக்கு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. மேலே மாதர் கணவாய், ஏறக்குறைய 3,690 மீட்டர் உயரம். சியராவில் கோடையில் பிற்பகல் இடி மழை அடிக்கடி வரும், மேலே ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அதனால் கணவாய்களை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும் என்பார்கள். தெற்கே மேகம் திரண்டிருந்தது. ரெண்டு மணி நேரத்தில் தாண்டிவிடலாம் என்றார் அவர். அவருக்கு ரெண்டு மணி நேரம், எனக்கு மூன்றரை. "இங்கேயே தங்கலாம்" என்றேன். அவர் கூடாரத்தை விரித்தார். அன்று மழை பெய்யவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; கையிலிருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

சுமையிலும் ஒரு கணக்கு இருந்தது. கூடாரம் அவரிடம், சாப்பாடு என்னிடம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் சாப்பாட்டுப் பைதான் கனம். கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் அதை அடைக்க வேண்டும், பற்பசையும் உள்ளேதான் போக வேண்டும். அந்த டப்பா காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் சாப்பாடு வேளைக்கு வேளை குறைகிறது. கூடாரம் குறைவதில்லை, விடியலில் பனி கோத்திருந்தால் இன்னும் கனக்கும். தொடக்கத்தில் நியாயமாக இருந்த பங்கீடு பாதி வழியில் அநியாயமாகிவிடுகிறது, யாரும் எதுவும் செய்யாமலேயே. அதனால் தினமும் காலையில் பையைக் கட்டும் முன் இரண்டு பையையும் கையில் தூக்கிப் பார்த்து மாற்றிக்கொண்டோம். பிள்ளை வளர்த்த சுமை எனக்கு இறங்கிவிட்டது. வீட்டுக் கடனும் ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவைப் பற்றிய கவலையும் அவருக்கு இறங்கவே இல்லை. கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்டதை நாங்கள் ஒருநாளும் மறுபடி தூக்கிப் பார்த்ததில்லை என்பது எனக்கு அந்த ஏரிக்கரையில் உறைத்தது.

காட்டு வழியே இருவராகப் போவதைத் தமிழைப் போல ஆசையோடு பாடிய இலக்கியம் வேறு உண்டா என்று தெரியவில்லை. உடன்போக்குப் பாடல்களில் ஊரும் உறவும் பின்னால் நிற்க, இரண்டு பேர் பாலை நிலத்தில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். நற்றிணையின் 9ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. அதில் வழியில் தலைவன் தலைவியிடம் பேசுகிறான். நிழல் தென்படும் இடமெல்லாம் தங்கலாம், மணல் கண்ட இடத்தில் விளையாடலாம், வருத்தமில்லாமல் நட என்கிறான். துரத்தி வருவார்களோ என்ற அச்சம் உள்ள பயணத்தில் நேரத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறான். திருப்பத்தில் நின்று காத்திருக்கும் அன்பைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பாட்டு வழியிலேயே நின்றுவிடுகிறது. அவன் வேகம் என்ன ஆயிற்று, அவனுக்கு என்று நடக்க ஓரிடம் இருந்ததா என்பதெல்லாம் அதற்கு வெளியே.

இங்கே எனக்கு நினைவு வருவது மியூரி தம்பதி. ஓலஸ் மியூரியும் மார்கரெட்டும் 1924 ஆகஸ்டில், அலாஸ்காவின் யூகான் ஆற்றங்கரையில் உள்ள ஆன்விக்கில் மணம் செய்துகொண்டார்கள். ஓலஸ் கரிபு மான்களை ஆராய்பவர். தேனிலவே அவருடைய ஆய்வுப் பயணம்தான்: படகிலும் பிறகு நாய் இழுக்கும் சறுக்கு வண்டியிலும் ப்ரூக்ஸ் மலைத்தொடர் வரை. 1926இல் கைக்குழந்தையோடு ஓல்ட் க்ரோ ஆற்றில் போனார்கள். அவர் வேலை, இவர் துணை என்றுதான் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பயணங்களைப் புத்தகமாக எழுதி 1962இல் வெளியிட்டவர் மார்கரெட். 1956இல் ஷீன்ஜெக் பள்ளத்தாக்குக்கு இருவரும் போய்வந்தது, 1960இல் வட அலாஸ்காவில் பெரும் நிலப்பரப்பு பாதுகாக்கப்படக் காரணமானவற்றுள் ஒன்று. ஓலஸ் 1963இல் இறந்தார். அவர் உழைத்த காட்டுநிலச் சட்டத்தில் அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டபோது மார்கரெட் அங்கே நின்றார். பிறகு ஏறக்குறைய 40 ஆண்டுகள், 2003இல் 101 வயதில் இறக்கும்வரை, அலாஸ்காவின் நிலங்களுக்காகத் தன் சொந்தக் குரலில் பேசினார். ஒரே பயணத்துக்குள் இருவருக்கும் தனித்தனி வேலை இருந்திருக்கிறது. ஒருவர் போன பிறகும் மற்றவருக்கு நடக்கக் காலும் வழியும் இருந்தன.

என் வேகத்தில் நடப்பதும் அவருக்கு இலேசான காரியமாக இல்லை. நீளக் கால்களைக் குறுக்கிக் குறுக்கி வைத்து, இறக்கத்தில் அவருக்கு முழங்கால் வலித்தது. சொல்லவில்லை, பாறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதனால் ரே ஏரிகளுக்கு வந்த மறுநாள் நான் நகரப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். "நீங்க க்ளென் கணவாய் வரைக்கும் போய்ட்டு வாங்க. உங்க இஷ்டத்துக்கு. என்னைப் பத்தி யோசிக்காதீங்க."

"நாளைக்கு எப்படியும் அந்த வழியாத்தானே போகணும்?"

"நாளைக்கு என்கூட. இன்னைக்கு நீங்க மட்டும்."

தண்ணீர்ப் புட்டியையும் மழைச் சட்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏரிகளுக்கு நடுவே போகும் பாதையில் அவர் ஏறக்குறைய ஓடினார். நான் துணி அலசினேன், தூங்கினேன், ஃபின் டோம் பாறையை நோட்டில் வரைந்து பார்த்தேன். கரைக்கு வந்த மீன்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் அவர் இறங்கி வந்தார், முகமெல்லாம் சிவந்து, வாய் ஓயாமல். உச்சி மெல்லிய கத்தி முனை மாதிரி இருக்கிறது, இரண்டு பக்கமும் சரிவு, தெற்கே இறங்கும் இடத்தில் கல் நழுவுகிறது, நாளைக்கு நீ அங்கே பார்த்துக் கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுப்பைப் பற்றவைத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மீன்களைப் பற்றி நான் சொன்னேன். மறுநாள் அதே கணவாயில் அவர் எனக்குப் பின்னால், ஒரு வளைவு கீழே, இரண்டாம் முறையாக ஏறி வந்தார்.