வலிக்கிறது என்று சொல்லலாம்

(திருவதிகையில் சித்திரைச் சதய குருபூஜை நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று அப்பர் பெருமானுக்குக் குருபூஜை. கல்லைத் தெப்பமாக்கிக் கரையேறியது, திருக்கயிலைக்கு உடம்பு தேயத் தேயப் போனது எல்லாம் ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். இன்று அவற்றைத் தொடப்போவதில்லை. அவருக்குச் சூலை என்ற கடும் வயிற்றுவலி வந்த நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம். முந்திரி வியாபாரம். அந்த வீட்டு அம்மாவுக்குச் சில வருஷங்களுக்கு முன் மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், கொட்டிய முடி திரும்ப முளைத்தது. 'ஆண்டவன் காப்பாத்திட்டான்' என்று இதே வீரட்டானத்தில் அபிஷேகம் செய்தார்கள். பிறகு முதுகுவலி. வயசாச்சு, தேய்மானம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனில் பார்த்தால் முதுகெலும்பு, இடுப்பு, விலா எல்லா இடத்திலும் இருக்கிறது. "எலும்புல இறங்கிடுச்சு. முழுசா குணமாக்க முடியாது. ஆனா வலியைக் குறைக்கலாம், நாளைக் கூட்டலாம்" என்றார் டாக்டர்.

வீட்டில் எல்லோருக்கும் காதில் விழுந்தது முதல் இரண்டு வாக்கியம்தான். மூன்றாவது வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை.

நான் போனபோது அந்த அம்மா துண்டை வாயில் கவ்விக்கொண்டு படுத்திருந்தார். சத்தம் வெளியே வந்தால் பேரப்பிள்ளைகள் பயந்துவிடுமாம். பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு மாத்திரை அட்டை. மார்ஃபின். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "ஏம்மா கொடுக்கலை?" என்று மருமகளைக் கேட்டேன். "அது கடைசி மருந்தாம் சாமி. ஆரம்பிச்சா பழக்கமாயிடுமாம். பெரியத்தை சொன்னாங்க. அதுவுமில்லாம, பூர்வஜென்ம கர்மா. அனுபவிச்சுத் தீர்த்துட்டா அடுத்த பிறவிக்கு மிச்சமிருக்காதாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நம்மைப் போல மேடை ஏறுகிறவர்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். ஆகவே அதற்குப் பதில் சொல்வதும் மேடையிலிருந்துதான் வரவேண்டும்.

சேக்கிழாரின் பெரிய புராணத்தைப் பாருங்கள். தம்பி அப்பர் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெருமையாக இருக்கிறார். இங்கே அக்கா திலகவதியார் வீரட்டானத்து இறைவனிடம் தம்பிக்காக முறையிடுகிறார். இறைவன் கனவில் வந்து, சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்கிறார். சூலையும் வருகிறது. ஆக, அந்த நோய் யார் கொடுத்தது? சிவபெருமானே கொடுத்தது. சேக்கிழார் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

சரி, இறைவன் கொடுத்த நோயைப் பொறுத்துக்கொள்வதுதானே பக்தி? அப்பர் அப்படியா செய்தார்? இந்தக் கோயில் வாசலுக்கு வந்து, வயிறு முறுக்குகிறது, குடல் துடிக்கிறது, தாங்க முடியவில்லை, எடுத்துவிடு என்று பதிகமாகக் கதறினார். அவருடைய முதல் தேவாரமே வலியைப் பற்றிய முறையீடு. தத்துவம் எல்லாம் பின்னால்தான். 'நான் தந்த வலியை நீ எப்படி வேண்டாம் என்பாய்' என்று இறைவன் கேட்டாரா? இல்லை. சூலையைத் தீர்த்தார், நாவுக்கரசு என்று பட்டமும் கொடுத்தார். தானே கொடுத்த வலியை நீக்கச் சொன்னவனிடமே கோபப்படாத கடவுள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை கொடுக்கும் மருமகளிடமா கோபித்துக்கொள்ளப் போகிறார்?

மருத்துவம் பற்றி நானாக எதுவும் சொல்லவில்லை. வலி நிவாரண மருத்துவர்களிடம் கேட்டதைச் சொல்கிறேன். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தைக் கூட்டிக்கொண்டே போகலாம், கடும் வலிக்கு மார்ஃபினை வாய்வழியாக, கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. வலி வந்த பிறகு ஓடிப்போய்க் கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பது. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே இதை வாங்கி வைக்கப் பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் இறங்கிவந்தாலும் பெரியத்தைகள் இன்னும் இறங்கிவரவில்லை. (சிரிக்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார் போல.)

டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கும் முதல் நாளிலிருந்தே மருந்து எழுதுவார்கள். ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே அந்த இடத்து எலும்பு வலி பலருக்கு நன்றாகக் குறையும். 'ஒரு தடவைதானா, காசு இல்லாததால் குறைத்துவிட்டார்களா' என்று சந்தேகப்படாதீர்கள். இன்னொன்றையும் சாமியார் சொன்னார் என்றாவது நினைவில் வையுங்கள்: முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் திடீரென்று கால் துவண்டாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றாலோ, நல்ல நேரம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தாமதித்தால் கால் திரும்ப வராது.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். இந்தக் கதையில் என் மனம் எப்போதும் நிற்பது திலகவதியாரிடம்தான். தகப்பனார் புகழனார் நோயில் போனார், தாய் மாதினியார் உடனே போனார், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் போனார். உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக இருந்தார். அந்தத் தம்பியும் விட்டுவிட்டுப் போனான். இப்போது வலி தாங்காமல் மடத்துச் சமையல்காரரை அக்காவிடம் தூது அனுப்புகிறான். நந்தவனத்தில் நிற்கும் அக்கா என்ன சொல்கிறார் தெரியுமா? நான் அங்கே வரமாட்டேன் என்கிறார்.

கல்நெஞ்சம் என்று நினைக்கவேண்டாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஒவ்வொரு பெண்ணும் அந்த ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். தன்னால் எது முடியும், எது முடியாது என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. தம்பி இருட்டோடு இருட்டாக வந்து காலில் விழுந்தபோது, 'இப்பத்தான் கண் தெரிஞ்சுதா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடிவதற்கு முன் அலகும் மெழுக்கும் எடுத்துக்கொண்டு, தினமும் செய்கிற கோயில் வேலைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். வேலையை விட்டுவிடவில்லை.

அந்த முந்திரி வீட்டு மருமகள் ராத்திரித் தூக்கமில்லாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறாள். மகள்கள் போனில் விசாரிக்கிறார்கள். ஆண்கள் பணம் புரட்டுகிறார்கள். யார் எந்த ராத்திரி விழிப்பது என்று அன்றைக்குக் கூடத்தில் உட்காரவைத்துப் பிரித்தோம். மாமனாருக்கும் ஒரு முறை வந்தது. முதல் ராத்திரி மனைவியைத் திருப்பிப் படுக்கவைக்கக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அரித்த எலும்பு சட்டென்று முறிந்துவிடும், கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நர்ஸ் வந்து காட்டிக்கொடுத்தார்: பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று, வேட்டியோடு சேர்த்து மெல்ல உருட்டவேண்டும். நாற்பது வருஷம் குடித்தனம் செய்த மனுஷர் அன்றுதான் மனைவியின் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்டார்.

'அப்பருக்குச் சூலை தீர்ந்தது, எங்க அம்மாவுக்குத் தீராதே' என்பீர்கள். உண்மை. தீராது என்று தெரிந்த இடத்தில் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. திருவண்ணாமலையில் ரமண மகரிஷிக்கு 1949-ல் இடது கையில் சார்கோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நான்கு தடவை அறுவை செய்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. கையை எடுத்துவிடலாம் என்றார்கள், வேண்டாம் என்றார். அலோபதி, ஆயுர்வேதம் என்று அன்பர்கள் கொண்டுவந்ததற்கெல்லாம் இடம் கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 அன்று உடம்பை விட்டார். அன்று வரை தரிசனத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கவில்லை. நோய் தீராமல் போவது பக்தியில் குறை என்றால், அந்தக் கணக்கு ரமணரிடமே பொய்த்துப்போகிறது. பரிகாரத்துக்காக ஊர் ஊராக அலைந்து, அலைச்சலிலேயே நோயாளியை வாட்டும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'அப்பாவுக்கு எலும்பில் பரவிவிட்டது. அவரிடம் சொல்லலாமா, மறைக்கலாமா?'

அந்த முந்திரி வீட்டிலும் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஃபைலைப் பீரோவில் பூட்டினார்கள். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "தீபாவளியும் இல்ல, பொங்கலும் இல்ல, துபாய்லேருந்து பெரியவன் வந்து நின்னான் சாமி. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவங்க மறைக்கிறாங்களேன்னு நானும் மறைச்சேன்." பேச்சு திறந்த பிறகு மாத்திரை சாப்பிட்டார், தூங்கினார். யாருக்கு எந்த நகை, எந்த வியாபாரியிடம் எவ்வளவு பாக்கி எல்லாம் சொன்னார். மூத்த மகளோடு ஆறு வருஷமாக இருந்த ஒரு சண்டையையும் தீர்த்துக்கொண்டார்.

ஆகவே அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். உங்களுக்கு என்ன தெரியணும் அப்பா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவரே கேட்பார். கேட்டால், பார்க்கிற டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். சீட்டு எழுதிய அன்பர் பெயர் போடவில்லை. பூஜை முடிந்ததும் மண்டபத்தின் வடக்குப் பக்கம் இருப்பேன், வாருங்கள். அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.